ஆறு நிமிஷ வீடியோவுக்குப் பின்னாடி என்ன இருக்கு

போன வருஷம் ஒரு யுனிவர்சிட்டியோட இலவச ஆன்லைன் கோர்ஸ் டீம்ல வேலை பார்த்தேன். ப்ராபபிலிட்டி, அதாவது நிகழ்தகவு, எட்டு வாரப் பாடம். ஆரம்பிக்கும்போது, வகுப்புல கேமராவ வச்சு எடுத்து அப்லோட் பண்ணிட்டா முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன்.

முதல் வீடியோவுக்கு சப்டைட்டில் போட உக்காந்தப்பதான் புரிஞ்சுது. பேராசிரியர் போர்ட்ல விரல வச்சு "இத அதால வகுத்தா இது வரும்"னு சொல்றார், வகுப்புல இருக்குறவங்களுக்குப் பளிச்னு புரியும், ஆனா கண் தெரியாத ஒருத்தர் காதால மட்டும் கேட்டா எது இது, எது அது? அதனால மறுபடி ரெக்கார்டிங். ஒவ்வொரு "இது"வுக்கும் பேர் சொல்லி, ஒரு மணி நேர வகுப்ப ஆறேழு நிமிஷத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டும் தனியா நிக்கிற மாதிரி எழுதணும். ஒரு துண்டுக்கே சில நாள் முழுசாப் போயிடும். படங்கள் இன்னொரு தலைவலி. வகுப்புல புத்தகத்துப் படத்த காட்டிடலாம், யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கற ஓப்பன் லைசென்ஸ்ல வெளியிடணும்னா அனுமதி வாங்கணும், இல்லேன்னா நாமளே வரையணும்.

எல்லாத்தையும் விட நேரம் தின்னது குவிஸ்தான். தப்பான ஆப்ஷன் எழுதுறதுதான் கஷ்டம். நோய் இருக்குறவங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு டெஸ்ட் பாசிட்டிவ் வருதுன்னா, பாசிட்டிவ் வந்தவங்கள்ல 90 பேருக்கு நோய் இருக்குன்னு அர்த்தமில்ல, ஆனா நிறைய பேர் அங்கதான் தடுக்கி விழுவாங்க, அந்தத் தப்பையே ஒரு ஆப்ஷனா வச்சு, அத அமுக்கினா ஏன் தப்புன்னு பொறுமையா சொல்லணும். பக்கத்துல வாத்தியார் இல்லாம படிக்கிறவங்களுக்கு அந்த நாலு வரிதான் வாத்தியார்.

2001ல அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி யுனிவர்சிட்டி தன்னோட பாடங்கள எல்லாருக்கும் திறந்து விடப்போறோம்னு அறிவிச்சப்ப அது எவ்வளவு பெரிய முடிவுன்னு இப்ப நல்லாத் தெரியுது. 2012ல அதே எம்ஐடியோட எலக்ட்ரானிக் சர்க்யூட்ஸ் கோர்ஸ் ஆன்லைன்ல வந்தப்ப 1,54,763 பேர் சேர்ந்தாங்க, சர்டிஃபிகேட் வாங்கினது 7,157 பேர். மங்கோலியால உலான்பாதர்ல இருந்த 15 வயசுப் பையன் அதுல ஃபுல் மார்க் வாங்கினான், அப்புறம் எம்ஐடிலயே படிக்கப் போனான். அஞ்சு சதவீதம்கூட முடிக்கலயேன்னு குறை சொல்றவங்க இருக்காங்க. வருஷத்துக்கு 100 பேருக்கு வகுப்பெடுத்தா 7,157 பேர எட்ட எழுபது வருஷத்துக்கு மேல ஆகும், அதையும் சொல்லணும்ல.

முடிக்காதவங்க யாருன்னும் பாக்கணும். எங்க கோர்ஸ்ல ஒரு நர்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க, நைட் டியூட்டி பிரேக்ல ஃபோன்ல மூணாவது வாரத்த மட்டும் பார்த்தேன், டெஸ்ட் ரிசல்ட் பத்தி இத்தன வருஷமா இருந்த குழப்பம் தீந்துதுன்னு. எங்க கணக்குல அவங்க பாதில விட்டுட்டுப் போனவங்க. இன்னொருத்தர் காலேஜ் லெக்சரர், எங்க கணக்குகள எடுத்து தன் பசங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாராம். அந்தப் பசங்க எத்தன பேர்னு எந்த டாஷ்போர்டும் காட்டாது.

எனக்கு மனசு கஷ்டமா இருக்குற ஒரு விஷயம், முதல்ல முழுசா இலவசமா இருந்த சில தளங்கள்ல இப்ப குவிஸ் காசு கட்டினாதான் திறக்குது. செலவு இருக்கு, ஒத்துக்கறேன், சம்பளம் வாங்கித்தான் நானும் வேலை பார்த்தேன். சர்டிஃபிகேட்டுக்குக் காசு வாங்கட்டும். குவிஸப் பூட்டினா வாத்தியாரையே வெளிய அனுப்புன மாதிரிதான்.

இப்ப நாலாவது வாரத்த திரும்ப எடுத்துக்கிட்டிருக்கோம், ஒரு விளக்கம் புரியலன்னு பல பேர் எழுதியிருந்தாங்க. பேராசிரியர் இப்பல்லாம் "இது"ன்னு வாயெடுத்ததும் அப்படியே நிறுத்தி, ஒரு செகண்ட் யோசிச்சு, பேரச் சொல்லிட்டுத்தான் மேல போறார்.