லினக்ஸ் கணினியில் விண்டோஸ் மென்பொருள்: ஒரு செமஸ்டரில் நான் கற்றது

மின்னணுவியல் பாடத்துக்குத் தேவையான இரண்டு மென்பொருள்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. என் மடிக்கணினியில் இருந்ததோ உபுண்டு என்ற லினக்ஸ் வகை மட்டும். அதே நிலையில் இருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன். 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2008இல்தான் வெளிவந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு! இது விண்டோஸைப் போல நடிக்கும் கணினி அல்ல. ஒரு நிரல் கோப்பைத் திறக்கச் சொல்லி விண்டோஸிடம் கேட்கும் கேள்வியை, லினக்ஸுக்குப் புரியும்படி அந்தக் கணத்திலேயே மாற்றிச் சொல்கிறது. அதனால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. மின்சுற்றுகளை வரைந்து சோதிக்கும் எல்டிஸ்பைஸ் இதில் முதல் முயற்சியிலேயே ஓடியது.

அந்த மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தேன். டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் துணைமென்பொருளைக் கேட்ட இன்னொரு நிரலையும் அதே இடத்தில் நிறுவினேன். அதற்காக, வைனில் துணைக்கோப்புகளை நிறுவித் தரும் வைன்ட்ரிக்ஸ் வழியே ஏதேதோ சேர்த்தேன். மறுநாள் எல்டிஸ்பைஸும் திறக்கவில்லை. வைன் எல்லாவற்றையும் ஹோம் கோப்புறைக்குள் '.வைன்' (.wine) என்ற மறைவான ஒரே கோப்புறையில்தான் வைக்கிறது. இதைப் பிரிஃபிக்ஸ் என்பார்கள். ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் பிரிஃபிக்ஸ் வையுங்கள். ஒன்று கெட்டால் அதை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம். கட்டளை வரி பழகாதவர்களுக்கு பாட்டில்ஸ் என்ற செயலி இதை அழகாகச் செய்து தருகிறது. நிறுவும் முன் வைனின் செயலித் தரவுத்தளத்தில் உங்கள் நிரலுக்குப் பிறர் தந்த மதிப்பீட்டையும் பாருங்கள். பிளாட்டினம் என்றால் கவலையில்லை. கார்பேஜ் என்றால் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பாடத்துக்குத் தேவையான இரண்டாவது மென்பொருள் யுஎஸ்பி வழியே அளவீட்டுக் கருவியோடு பேச வேண்டியது, அதற்கென்றே தனி டிரைவர் கேட்பது. விண்டோஸின் உட்கருவோடு இணைந்து இயங்கும் கெர்னல் டிரைவர்களை வைனால் லினக்ஸில் பொருத்த முடியாது. இரண்டு இரவுகள் போராடிய பிறகே இது எனக்குப் புரிந்தது. கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸை முழுமையாக நிறுவியதும் வேலை முடிந்தது. ஆனால் 8 ஜிபி நினைவகத்தில் பாதியை அதற்கே கொடுக்க வேண்டியிருந்தது. யுஎஸ்பி கருவி பட்டியலில் தெரியாவிட்டால், உங்கள் பயனர் பெயரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' (vboxusers) குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். எல்லாம் சரியாக ஓடும் நாளில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள், பின்னர் ஏதாவது கெட்டால் அந்த நிலைக்கே திரும்பலாம்.

விளையாட்டுகளுக்கு, ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தில் புரோட்டான் என்ற கருவி இருக்கிறது. அதுவும் வைனின் வழிவந்ததே.

இணையவழித் தேர்வுக்குத் திரையைப் பூட்டும் மென்பொருள் தந்தால் மட்டும் இந்த வழிகளைத் தவிருங்கள். அவற்றில் பல, மெய்நிகர் கணினிக்குள் இருப்பதைக் கண்டறிந்து நின்றுவிடும். முறைகேடு என்ற சந்தேகமும் எழலாம். லினக்ஸோடு விண்டோஸையும் வட்டின் தனிப் பகுதியில் (பார்ட்டிஷன்) வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆய்வகக் கணினியைக் கேளுங்கள். அப்படி இரண்டையும் வைத்தால் விண்டோஸில், வேகமாகத் தொடங்குவதற்காக அதை முழுதும் அணையவிடாத 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் பகுதியில் உள்ள உங்கள் குறிப்புகளை லினக்ஸிலிருந்து படிக்கலாமே தவிர, திருத்திச் சேமிக்க முடியாமல் போகும்.