ஏழு நிமிடம்

வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, பெரிய தொலைநோக்கிகளை விட்டுவிட்டு, கேமரா பொருத்திய சின்ன ஒன்றை என் தலையில் கட்டினார்கள். பார்க்க வேண்டியது பெர்சியஸ் விண்மீன் குழுவின் அல்கோல். வெறுங்கண்ணுக்கே தெரியும் விண்மீன், இதில் என்ன சிரமம் என்று நினைத்தேன். முதல் இரவுப் படங்களில் அதன் ஒளி பொங்கி வழிந்து எதையும் அளக்க முடியவில்லை. குவியத்தை வேண்டுமென்றே கலைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். ஒப்பீட்டுக்கு அருகிலிருந்த ரோ பெர்சியை வைத்திருந்தேன். "அதுவே கூடிக் குறையுற விண்மீன் தம்பி, ஆடுற தராசுல என்னத்த நிறுக்கப் போறீங்க?" என்றார் மூத்தவர்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அல்கோல், ஒன்றையொன்று சுற்றும் ஜோடி. மங்கிய துணை 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை பிரகாசமானதன் முன்னால் வந்து அதை மறைக்கும். ஒளி, பொலிவெண் 2.1இலிருந்து 3.4க்கு இறங்கும் (இந்த எண் கூடக்கூட ஒளி குறைவு). இறங்கி ஏறச் சுமார் 10 மணி நேரம். அடிமட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறிப்பதுதான் என் வேலை. 1783இல் ஜான் குட்ரிக் வெறுங்கண்ணால் பார்த்தே இந்த ஒழுங்கை அறிவித்தார். அப்போது அவருக்கு 18 வயது, காது கேளாதவர்.

நவம்பரில் எடுத்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், பிப்ரவரியில் மறைப்பு ஏழு நிமிடத்துக்கும் மேல் தாமதம். எனக்குத் தூக்கம் போயிற்று. அல்கோலில் சூரியனைப் போல் 3 மடங்கு நிறையுள்ள விண்மீன் இளமையாக இருக்க, ஒரு மடங்குகூட இல்லாத துணை முதுமையில் உப்பிக் கிடக்கிறது. நிறை கூடியதல்லவா முதலில் மூப்படைய வேண்டும்? ஒரு காலத்தில் அந்தத் துணைதான் பெரியது. தன் பொருளைக் கூட்டாளியிடம் கொட்டிவிட்டு இளைத்துப்போனது. பொருள் கைமாறினால் சுற்றுக்காலமும் மாறும். அதை நான் மூன்றே மாதத்தில் பிடித்துவிட்டதாக நம்பி, நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்.

மூத்தவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "சூரியமையத் திருத்தம் போட்டீங்களா?"

போடவில்லை. பூமியில் குறித்த நேரத்தைச் சூரியனிலிருந்து பார்த்ததுபோல் மாற்றுவதுதான் அது. பூமி சூரியனைச் சுற்றுவதால் நவம்பரில் நாம் அல்கோலுக்குச் சற்று அருகில் இருக்கிறோம், பிப்ரவரிக்குள் விலகிவிடுகிறோம். அந்தக் கூடுதல் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. தாமதம் விண்மீனில் இல்லை, என் காலடியில்.

திருத்தம் போட்ட பிறகும் ஓரிரு நிமிடம் ஒட்டிக்கொண்டு நின்றது. இந்த முறை வாயைத் திறக்காமல் புத்தகத்தைப் புரட்டினேன். அங்கே மூன்றாவது விண்மீன் ஒன்றும் உண்டு. சுமார் 680 நாளுக்கு ஒரு சுற்று. அது இழுக்கும் இழுப்பில் இந்த ஜோடியே முன்னும் பின்னும் அசைகிறது. அதையும் கணக்கில் சேர்த்து, ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சரி, அடுத்த மறைப்பு எப்போ?" என்றார்.