சாம்பல் கல்: கணக்கில் எழுதாத தண்ணீர்

நிலக்கரிச் சாம்பலில் கல் அடிக்க நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, 100 கிலோ உலர்ந்த கலவைக்கு: சாம்பல் 55, கிரஷர் பவுடர் (கருங்கல் உடைக்கும்போது விழும் தூள்) 25, நீற்றிய சுண்ணாம்பு 15, ஜிப்சம் 5. தண்ணீர் சுமார் 10 லிட்டர். கல் கெடுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான்.

அனல்மின் நிலையச் சாம்பல் குட்டையில் அள்ளிய சாம்பலில் 20 சதவீதம் ஈரம் இருந்தால், 55 கிலோ உலர் சாம்பலுக்கு 69 கிலோ அள்ள வேண்டும். அதோடு 14 லிட்டர் தண்ணீரும் வந்துவிடும். ஒரு சொட்டு ஊற்றாமலே கலவை குழைந்து, கல் அச்சில் ஒட்டி மூலை பிய்ந்து வரும். பரப்பி உலர்த்தி ஈரத்தை 5 சதவீதத்துக்கு இறக்கினால் 58 கிலோ போதும், உள்ளே இருப்பது 3 லிட்டர்தான். ஒவ்வொரு லோடிலும் 100 கிராமை வாணலியில் வறுத்து மறுபடி நிறுத்தால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதைத் தவிர்க்கவே கூடாது.

சாம்பல் கறுத்திருந்தால் எரியாத கரி அதிகம் என்று சந்தேகப்படுங்கள். கரி தண்ணீரைக் குடிக்கும், பலம் தராது. கான்கிரீட்டில் சேர்க்கும் நிலக்கரிச் சாம்பலுக்கான அமெரிக்கத் தரவிதி ஏஎஸ்டிஎம் சி618, எரிப்பு இழப்புக்கு, அதாவது உலர் சாம்பலைச் சூடேற்றி எரித்தால் குறையும் எடைக்கு, 6 சதவீதம்தான் உச்சம் வைக்கிறது. குப்பை எரித்த சாம்பலில் கன உலோகங்கள் இருக்கலாம், அதை இதில் கலக்கவே வேண்டாம்.

சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் முதலில் தண்ணீரோடு அரைத்து, கிரஷர் பவுடரைக் கடைசியில் போடுங்கள். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக்கூடாது. சுண்ணாம்பைச் சலித்தே போடுங்கள். நீறாத குருணை ஒன்று உள்ளே தங்கினாலும் பிறகு ஊதி, கல்லின் முகத்தைச் சில்லாகத் தெறிக்க வைக்கும். சலிக்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

அடித்த கல்லை இரண்டு நாள் ஈரச்சாக்கு போர்த்தி, பிறகு 21 நாள் காயவிடாமல் தண்ணீர் விடுங்கள். சாம்பலும் சுண்ணாம்பும் மெதுவாகத்தான் பிடிக்கும், குளிர்காலத்தில் இன்னும் மெதுவாக. இடையில் காய்ந்தால் அந்தப் பிடிப்பு அங்கேயே நின்றுவிடும். விளிம்பை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும்.

லோடு வாரியாகத் தேதி எழுதித் தனித்தனியே அடுக்குங்கள். 28ஆம் நாள் அழுத்திப் பார்க்கையில் ஒரு கல் நொறுங்கினால், எந்தச் சாம்பல் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.