பயாஸில் ஒளிந்திருக்கும் செட்டிங்ஸ்: ஃப்ளாஷ் செய்வதற்கு முன்னால்

பல லேப்டாப்களின் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) மெனுவில் தேதி, பூட் வரிசை, பாஸ்வேர்டு தவிரப் பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் ஏஎம்ஐ நிறுவனம் எழுதும் அதே பயாஸ் ஃபர்ம்வேருக்குள் சிஎஃப்ஜி லாக் (சிபியுவின் ஒரு ரெஜிஸ்டரைப் பூட்டுவது), டிவிஎம்டி (கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் மெமரி), எபவ் 4ஜி டீகோடிங் (சாதனங்களுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரி தருவது) என்று நூற்றுக்கணக்கான செட்டிங்ஸ் இருக்கின்றன. தயாரிப்பாளர்கள் அவற்றை நீக்குவதில்லை, மெனுவில் மறைத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்காக பயாஸையே திருத்தி ஃப்ளாஷ் செய்ய, அதாவது சிப்பில் மறுபடி எழுத, கிளம்புகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை.

ஒவ்வொரு செட்டிங்கின் மதிப்பும் என்விரேம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) வேரியபிள் ஒன்றில் குறிப்பிட்ட பைட்டில் உட்கார்ந்திருக்கிறது. மெனு அந்த பைட்டை மாற்றும் ஒரு வழி மட்டுமே. நாமே நேரடியாகவும் மாற்றலாம்.

உங்கள் மெஷினில் இப்போது ஓடும் அதே வெர்ஷனின் பயாஸ் ஃபைலை எடுங்கள். வெர்ஷன் மாறினால் ஆஃப்செட்டும் (வேரியபிளுக்குள் அந்த பைட் இருக்கும் இடம்) மாறலாம். அதை யூஇஎஃப்ஐடூல் என்ற, பயாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் மென்பொருளில் திறந்து, ‘சிஎஃப்ஜி லாக்’ என்ற ஆங்கிலப் பெயரை யூனிகோட் டெக்ஸ்டாகத் தேடினால் மெனுவை உருவாக்கும் செட்டப் மாட்யூல் சிக்கும். அதன் பிஇ32 பகுதியை (நிரல் உள்ள பகுதி) எக்ஸ்ட்ராக்ட் செய்து ஐஎஃப்ஆர் எக்ஸ்ட்ராக்டரில் (ஐஎஃப்ஆர் என்பது மெனுவை விவரிக்கும் குறியீடு) கொடுத்தால் டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். தேடும் செட்டிங்கின் வரியில் வேர்ஸ்டோர் எண் (எந்த வேரியபிள் என்பது), ஆஃப்செட், சைஸ், அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் எல்லாம் இருக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் வேர்ஸ்டோரில்தான். பழைய போர்டுகளில் ஏறக்குறைய எல்லாமே ‘செட்டப்’ என்ற ஒரே வேரியபிளில் இருந்தன. புதிய இன்டெல் போர்டுகளில் சிபியு, சிஸ்டம் ஏஜென்ட் (மெமரி, கிராஃபிக்ஸ் இணைப்பைக் கவனிக்கும் பகுதி), பிசிஹெச் (சிப்செட்) எல்லாவற்றுக்கும் தனித்தனி வேரியபிள். ஆஃப்செட் சரியாக இருந்தும் வேரியபிள் தவறினால், சம்பந்தமே இல்லாத வேறொரு செட்டிங்கை மாற்றிவிடுவீர்கள்.

பென்டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, அந்த பைட்டைப் படிக்கவும் எழுதவும் உதவும் செட்டப்-வார் கட்டளை உள்ள க்ரப் ஷெல்லை (கட்டளை தட்டும் சிறிய திரை) அதில் போட்டு பூட் செய்யுங்கள். கையெழுத்தில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் அணைந்திருக்க வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கண்டிப்பாகக் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை. மெனுவில் கண்ணுக்குத் தெரியும் ஏதாவது ஒன்றை, நம்லாக் நிலை போல, எடுத்துக்கொள்ளுங்கள். ஷெல்லில் அதன் பைட்டைப் படியுங்கள், மெனுவில் மாற்றி சேவ் செய்யுங்கள், மறுபடி படியுங்கள். மதிப்பு மாறியிருந்தால் உங்கள் ஃபைலும் அந்த வேரியபிளும் சரி. அதே சோதனையை நீங்கள் எழுதப்போகும் வேரியபிளிலும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எழுத மறுத்து எரர் வந்தால் அந்த வேரியபிள் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். மெமரி வோல்டேஜையும், லேப்டாப்பில் பிரைமரி டிஸ்ப்ளேயையும் தொடவே வேண்டாம். திரை போய்விட்டால் மெனுவுக்குத் திரும்பவும் முடியாது. பல லேப்டாப்களில் சிமாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் பலனில்லை, ஏனென்றால் மதிப்புகள் பயாஸ் இருக்கும் எஸ்பிஐ சிப்பிலேயே இருக்கின்றன.

மெனுவிலேயே வரவேண்டும் என்றால்தான் ஃபர்ம்வேரைத் திருத்த வேண்டும். ஐஎஃப்ஆரில் ‘சப்ரஸ் இஃப் ட்ரூ’ என்று வரும் இடத்தில் ஹெக்ஸ் 46-ஐ 47 ஆக்கினால் ட்ரூ ஃபால்ஸ் ஆகி மறைப்பு நீங்கும். திரும்பக் கோர்க்க யூஇஎஃப்ஐடூலின் பழைய 0.28 வேண்டும், புதிய என்இ வெர்ஷனால் முடியாது. ஆனால் இன்டெல் 4-ம் தலைமுறை முதல் வந்த பூட் கார்டு (பயாஸின் கையெழுத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு) வெரிஃபைடு நிலையில் இருந்தால், அது காக்கும் பகுதியைத் தொட்ட பயாஸ் பூட்டே ஆகாது. அந்தக் கையெழுத்துக் கீயின் ஹேஷ் (சரிபார்க்கும் குறி) ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ஃப்யூஸில் எரிக்கப்பட்டிருப்பதால் அதை மாற்றவும் வழியில்லை.

சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் சிஹெச்341ஏ ப்ரோக்ராமரும், அதை 8 கால் சிப்புடன் இணைக்கும் எஸ்ஓஐசி8 க்ளிப்பும் கையில் இல்லாமல் ஃப்ளாஷ் பக்கம் போகாதீர்கள். பேட்டரி, சார்ஜர் இரண்டையும் கழற்றிவிட்டு, சிப்பில் புள்ளி உள்ள 1-ம் பின் பக்கம் சிவப்பு ஒயர் வரும்படி க்ளிப் மாட்டுங்கள். சிப்பின் எண்ணைப் படிக்காமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம்: 1.8 வோல்ட் சிப்புக்கு அடாப்டர் இல்லாமல் 3.3 கொடுத்தால் சிப்பே போகலாம். கறுப்பு நிற சிஹெச்341ஏ பலவற்றில் டேட்டா லைன்கள் 5 வோல்ட்டில் இருக்கும், அதையும் மல்டிமீட்டரில் பாருங்கள். இரண்டு முறை படித்து ஹேஷை ஒப்பிடுங்கள். சிப் 25க்யூ64 (64 மெகாபிட்) என்றால் ஃபைல் சரியாக 83,88,608 பைட். எல்லாமே எஃப்எஃப் என்று வந்தால் க்ளிப் சரியாகப் பிடிக்கவில்லை.

அப்படிப் படித்தெடுத்த ஃபைலை, அதாவது டம்ப்பை, இரண்டு இடத்தில் வையுங்கள். மெஷினின் சீரியல் எண், விண்டோஸ் கீ, பல போர்டுகளில் மேக் முகவரி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும் அப்டேட் ஃபைலில் இவை எதுவும் வராது.