குளிர்காலத்தில் கிளைடர்

ஜெர்மனியில் நவம்பர் முதல் மார்ச் வரை எங்கள் கிளப்பின் கிளைடர்கள் (இன்ஜின் இல்லாத விமானங்கள்) இறக்கை கழற்றப்பட்டுக் கொட்டகைக்குள் கிடக்கும். அந்த மாதங்களில் நான் பறப்பது காண்டோர் என்ற கணினி சிமுலேட்டரில், ஸ்லோவேனியாவின் ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளுக்கு மேல்.

சரிவில் மோதி மேலெழும் காற்றைத் தேடுவதும், தெர்மலின், அதாவது வெப்பத்தால் மேலெழும் காற்றின், நடுவைப் பிடித்து வட்டமடிப்பதும் அருமைதான். ஆனால் நான் அதிகம் பழகுவது அழகில்லாத ஒன்றை: தரையிலுள்ள வின்ச் இயந்திரம் கிளைடரைக் கம்பியால் மேலே இழுக்கும்போது அந்தக் கம்பி அறுந்துபோவது. உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். வேகம் திரும்பும்வரை பொறுக்க வேண்டும்; ஏஎஸ்கே 21 என்ற பயிற்சிக் கிளைடர் என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர். அதுவரை ஏர்பிரேக்கை (இறக்கையிலிருந்து எழும் தடுப்புத் தகடு) தொடக் கூடாது, திரும்பவும் கூடாது. மூக்கு தாழ்ந்ததுமே வேகமும் வந்துவிட்டதாகத் தோன்றும், வந்திருக்காது. பிறகுதான் முடிவு: நேராக இறங்க இடமிருக்கிறதா, சுற்றிவர உயரமிருக்கிறதா? இதை வாய்விட்டுச் சொல்லியபடியே செய்கிறேன். அடுத்த அறையில் இருக்கும் மனைவிக்கும் மனப்பாடமாகிவிட்டது.

காலால் இயக்கும் சுக்கான் பெடல் இல்லாவிட்டால் இதெல்லாம் வீண் என்பது என் கட்சி. விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்ட, கண்ணாடிமேல் ஒட்டிய கம்பளி நூல் உண்டு; அது நேராக நிற்க, கையும் காலும் சேர்ந்து உழைக்க வேண்டும். கணினியே சுக்கானைப் பார்த்துக்கொண்டால் கால் சோம்பேறியாகிவிடும்.

தெர்மலில் நுழையும்போது இருக்கை அடியிலிருந்து உந்துமே, அது திரையில் கிடைக்காது. கண்ணும் கருவிகளிலேயே ஒட்டிக்கொள்கிறது. வெளியே பார்க்க வேண்டிய கண் அது. அதனால் வசந்தத்தின் முதல் பறப்புகள் எப்போதும் பயிற்றுநருடன்தான். போன முறை அவர் கருவிப்பலகையைத் துணியால் மூடிவிட்டார்.