மூக்குத்தியைக் கழற்றி வைத்த நாட்கள்: ஒரு சிபாப் நாட்குறிப்பு

2024 நவம்பர் 6, புதன்

தூக்கத்தில் தொண்டை அடைந்து மூச்சு நிற்காமல் இருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்துகிற மிஷின்தான் சிபாப். அதற்கான நேசல் பில்லோ மாஸ்க் இன்று வந்துவிட்டது. பத்து நாளாக அந்த முக்கோண மாஸ்க்கோடு மல்லுக்கட்டிக் களைத்த பிறகு டெக்னீஷியன் சொன்ன மாற்று இது. எனக்கு வயது 56, உறையூரில் வீடு, பள்ளியில் தமிழ் ஆசிரியை. செப்டம்பரில் எடுத்த ஸ்லீப் ஸ்டடியில் (ராத்திரி தூக்கத்தைப் பதிவு செய்து பார்க்கும் பரிசோதனை), தூங்கும்போது மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது பாதியாகக் குறைகிறது என்று வந்தது. ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேர்ப்பார்களாம். 30-க்கு மேல் போனாலே கடுமையான வகை. ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என் உடம்பு மூச்சுக்காக விழித்துக்கொண்டு இருந்திருக்கிறது, எனக்கோ காலையில் தலைவலியும் வகுப்பில் கண் சொக்குவதும் மட்டும்தான் தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது அதிகமாகும் என்று டாக்டர் சொன்னபோது, அதை யாராவது ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. ஆம்பளைங்க வியாதி என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முக்கோண மாஸ்க் மூக்கை முழுவதும் மூடும். அதன் விளிம்பு சரியாக என் மூக்குத்திக் கல் மேல் உட்கார்ந்து அழுத்தியதில் வலது பக்கம் சிவந்து புண்ணாகிவிட்டது. பில்லோவில் அந்தத் தொல்லை இல்லை. மூக்குத் துவாரம் இரண்டின் வாயிலும் பொருந்துகிற மாதிரி சிலிக்கானில் இரண்டு சின்னக் கூம்பு, தலையைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை, அவ்வளவுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு இருக்கிறது.

மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று எங்கு தேடியும் ஒரு வரி கிடைக்கவில்லை. அதனால்தான் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

இரண்டு ராத்திரி. நடுத்தர அளவு வலது துவாரத்தில் உட்காரவே இல்லை, உள்ளே மூக்குத்தியின் திருகு இடிக்கிறது. சிறியதை மாட்டினேன். அது திருகுக்குக் கீழே நிற்கிறது, ஆனால் துவாரத்துக்கும் கூம்புக்கும் நடுவில் இடைவெளி, வலது பக்கம் மட்டும் குக்கர் விசில் வரும் முன்னால் கேட்குமே அந்தச் சீறல். பட்டையை இழுத்து இறுக்கினேன், சீறல் அதிகமாகத்தான் ஆனது. ஒன்றரை மணிக்குக் கழற்றி வைத்துவிட்டேன்.

மிஷின் திரையில் லீக் என்ற இடத்தில் சிவப்பு முகம்.

நவம்பர் 11, திங்கள்

டெக்னீஷியன் பையன் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அந்தக் கூம்புகளுக்கு உள்ளும் வெளியுமாக இரண்டு சுவர் இருக்கிறது. காற்று போனதும் வெளிச்சுவர் உப்பி, துவாரத்தின் விளிம்பில் தானாக ஒட்டிக்கொள்ளும். பட்டையை இறுக்கினால் உப்ப இடம் இல்லாமல் சுவர் நசுங்கி மடிந்துவிடும், அந்த மடிப்பு வழியாகத்தான் காற்று ஓடுகிறது. "மேடம், மிஷினை ஆன் பண்ணிட்டுப் படுங்க, தூங்குற பக்கமா திரும்பிக்கங்க, அப்புறம் மாஸ்க்கை மூக்கிலிருந்து ஒரு நூல் அளவு முன்னால இழுத்துட்டு மெதுவா விடுங்க, அதுவா போய் உக்காரும்" என்றான். உட்கார்ந்துகொண்டு மாட்டிவிட்டுப் படுப்பதுதான் நான் செய்த தப்பு. படுத்ததும் கன்னச் சதை நகர்ந்துவிடுகிறதே.

அவன் சொன்னபடி செய்தேன். இடது பக்கம் அப்படியே பொம்மென்று உட்கார்ந்தது, அந்தப் பக்கம் மாஸ்க் இருப்பதே தெரியவில்லை. வலது பக்கம் மட்டும் அதே சீறல்.

நவம்பர் 13, புதன்

இன்று காலை மாஸ்க்கைக் கழுவும்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது கூம்பின் மேல் விளிம்பில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. திருகின் முனை ராத்திரி முழுக்க உரசி சிலிக்கானைக் கிழித்திருக்கிறது. அதே இடத்துக்கு நேராக என் மூக்கின் உள்பக்கமும் எரிகிறது.

மூக்குத்தியைக் கழற்றத்தான் வேண்டும். 14 வயதில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பெரிய கடை வீதியில் குத்திக்கொண்டது. கல்யாணத்தின்போது கல் மாற்றினோம். அப்புறம் பாலிஷ் போட ஒரே ஒரு தடவை கழற்றியது, அதுவும் 12 வருஷம் ஆகிறது. இதை எழுதும்போதே கை தானாகப் போய் கல்லைத் தொடுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். 81 வயது, எங்களோடுதான் இருக்கிறாள். "ஏண்டி, தாலி கட்டினவ மூக்குத்தியக் கழட்டலாமா? அவருக்கு ஆகாதுடி" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவரோ பக்கத்தில் நின்றுகொண்டு, "அத்தை, அவ மூச்சு நின்னு நின்னு வர்றதைப் பக்கத்துல படுத்துக் கேக்குறவன் நான், எனக்கு அதுதான் ஆகல" என்றார். அம்மா பதில் பேசவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

திருகு அசையவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்தோம். இன்று மத்தியானம் இவர் டார்ச் அடித்துக் காட்ட, திருகில் நூலைச் சுற்றி நான் மெல்ல இழுக்க, நாலாவது முறை ஒரு சின்ன நெரிப்போடு சுழன்றது. கல் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், மற்ற இடத்தைவிட வெளுத்து, நடுவில் ஊசி முனை அளவு துளை. கண்ணாடியில் பார்க்க யாரோ போல இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை, இதே காரணத்துக்காக மிஷினைப் பரணில் போட்டுவிடுகிற பெண்கள் கட்டாயம் இருப்பார்கள்.

கல்லையும் திருகையும் அம்மாவின் பழைய குங்குமச் சிமிழில் வைத்தேன்.

நவம்பர் 18, திங்கள்

நேற்று நடுத்தர அளவை மாட்டினேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்தது! ஆனால் வலது கன்னத்தில் ஒரு நூலிழை போல ஜில்லென்று காற்று. எங்கிருந்து வருகிறதென்று தடவிப் பார்த்தால், மூக்குத்தித் துளை வழியாக. உள்ளே அழுத்தம் இருப்பதால் அந்தச் சின்ன ஓட்டையைக்கூட காற்று விடவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கிற காகித பிளாஸ்டரைப் பொட்டு அளவுக்கு வெட்டி வெளியில் ஒட்டினேன், நின்றுவிட்டது. 5 மணி 10 நிமிடம் போட்டிருந்திருக்கிறேன். இதுவரை இதுதான் அதிகம்.

நவம்பர் 22, வெள்ளி

அடுத்த பிரச்சினை வாய். பில்லோ மூக்கில் மட்டும் காற்றைத் தருகிறது, தூக்கத்தில் வாய் திறந்தால் காற்றெல்லாம் வாய் வழியே வெளியே போய்விடும். மூன்று மணிக்கு எழுந்தால் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. விழித்திருக்கும்போது ஏதாவது பேச வாயைத் திறந்தாலும் அப்படித்தான், தொண்டைக்குப் பின்னாலிருந்து காற்று பொங்கி வந்து சொல்லையே தள்ளிவிடும். முதல் தடவை பயந்தே போனேன்.

இதற்கு என் பாடமே கைகொடுத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெல்லினம் நடத்தும்போது, மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்', 'ன்' சொல்லிப் பாருங்கள், வராது என்று காட்டுவேன். அந்த எழுத்துகளில் வாய் வழி அடைபட்டு மூச்சு மூக்கால்தான் போகிறது. படுத்துக்கொண்டு 'ங்' என்று சத்தமில்லாமல் நிறுத்திப் பார்த்தேன், அடிநாக்கு எழும்பி மேலண்ணத்தைத் தொட்டதும் வாய்ப்பக்கம் காற்று வருவது அப்படியே நின்றது. அப்புறம் நுனிநாக்கை 'ன்' சொல்லும் இடத்தில் வைத்து நாக்கு முழுவதையும் மேலே ஒட்டிக்கொண்டேன். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மிஷினை ஓடவிட்டு இதையே பழகுகிறேன். தூங்கின பிறகு நாக்கு நான் சொல்வதைக் கேட்குமா என்று சந்தேகம்தான், ஆனாலும் தாகம் குறைந்திருக்கிறது. தாடையைக் கட்டுகிற பட்டை ஒன்று இருக்கிறதாம், அது தேவைப்படாமல் போனால் நல்லது.

இன்னொன்று. அழுத்தம் எனக்கு 6 முதல் 12 வரை தானாக ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். படுத்தவுடன் 4-இல் தொடங்கி 20 நிமிடத்தில் மெல்ல ஏறும் வசதியை ஆன் செய்த பிறகு முதல் நிமிடத்தில் வந்துகொண்டிருந்த திணறல் போயே போய்விட்டது. இதை முதல் நாளே வைத்துத் தந்திருக்க வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைப்பு, பில்லோவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நொச்சி போட்டு ஆவி பிடித்து, சலைன் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தும் பத்து நிமிடம்தான் திறந்திருந்தது. டாக்டரைக் கேட்டேன், சரியாகும்வரை தலையணையை உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள் என்றார். மிஷின் இல்லாமல் இரண்டு ராத்திரி. அந்தப் பழைய தலைவலி, நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டின மாதிரி, காலை பத்து மணி வரை. ராத்திரி மூன்று தடவை பாத்ரூம். மூச்சு திணறும்போது நெஞ்சுக்குள் இழுவிசை கூடி இதயம் விரிவதால், உடம்பில் தண்ணீர் அதிகம் இருக்கிறதென்று நினைத்து அது ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரை அதிகமாக்குகிறதாம். நான் இத்தனை வருஷமாகச் சர்க்கரையாக இருக்குமோ என்று டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

மூக்கு திறந்தது. மழை. அறை குளிர்ந்து, ஈரப்பத டப்பாவிலிருந்து கிளம்புகிற ஆவி குழாயில் தண்ணீராகத் திரண்டு நடுராத்திரி கடகடவென்று மூக்குக்குள் தெறித்தது. குழாயைப் போர்வைக்குள் விட்டு, மிஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக ஸ்டூலில் வைத்து, ஈரப்பதத்தை 5-இலிருந்து 3-க்குக் குறைத்தேன். இப்போது சொட்டு இல்லை. டப்பாவில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்றுகிறேன், எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் உப்புப் படிந்துவிடும்.

அதே ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போய் மிஷின் நின்றது. பில்லோ வாயை மூடுவதில்லை, வாயால் மூச்சு விடத் தடையில்லை; சட்டென்று விழிப்பும் வந்து கழற்றிவிட்டேன். இன்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தாயிற்று.

சாயங்காலம் இந்த மிஷினின் கதையை மகள் அனுப்பிப் படித்தேன். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் முதன்முதலில் இதைச் செய்து பார்த்திருக்கிறார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாம். ஆரம்ப காலத்து மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் மூக்கில் பசை வைத்து ஒட்டிக் காலையில் உரித்தெடுக்க வேண்டுமாம். அதையும் சகித்துக்கொண்டு தூங்கின அந்த முதல் மனிதர்களை நினைத்தபடியே இன்று பில்லோவை மாட்டினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பத்தர் கடைக்குப் போனோம். பகலில் மூக்குத்தியைப் போட்டு ராத்திரி மட்டும் எடுத்துவிடலாம் என்றால், தினமும் திருகிக் கழற்றுவதில் மரை தேய்ந்து ஒருநாள் கல் எங்கேயாவது விழுந்துவிடும் என்று பயம். பெரியவர் ஒற்றைக்கண் லென்ஸில் பார்த்துவிட்டு, திருகை எடுத்துவிட்டு உள்ளே வளைந்து நிற்கிற கம்பியாக வைத்துத் தருகிறேன், ராத்திரி உருவி எடுத்துக்கலாம் என்றார். துளை தூர்ந்துவிடுமா என்று கேட்டதற்கு, "நாப்பது வருஷத் துளைம்மா, பகல்ல போட்டுக்கிட்டே இருந்தா எங்க தூரும்?" என்றார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ராத்திரி உருவ, காலையில் செருக, இரண்டு விநாடி.

வாரத்துக்கான கணக்கு: சராசரி 6 மணி 40 நிமிடம். மூச்சு நிற்பது மணிக்கு 3. லீக் பச்சை முகம். தினமும் காலையில் பில்லோவை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுகிறேன், முகத்தையும் படுக்கும் முன் கழுவிவிடுகிறேன், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வழுக்கி லீக் ஆகிறது. விளிம்பு எரிந்தால் சலைன் ஜெல். வாசலின் தடவ வேண்டாம் என்று டெக்னீஷியன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான், சிலிக்கான் கெட்டுவிடுமாம்.

டிசம்பர் 14, சனி

நேற்று கார்த்திகை தீபம். அம்மாவுக்குக் கால் வலி, ராத்திரி என் அறையிலேயே படுத்துக்கொண்டாள். காலையில் கேட்டாள்: "ராத்திரி நீ தூங்கவே இல்லையா?" தூங்கினேனே, ஏன் என்றேன். "சத்தமே இல்லையே. ரெண்டு தடவை எழுந்து வந்து உன் வயித்துல கை வச்சுப் பாத்தேன், ஏறி ஏறி இறங்குச்சு." கொஞ்சம் பொறுத்து, "உங்க அப்பாவும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுவார்" என்றாள். அப்பா போய் 19 வருஷம். தூக்கத்தில்தான் போனார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி 2. நாலரைக்கு அலாரம் இல்லாமல் விழிப்பு வந்தது. தலைவலி இல்லை. மாஸ்க்கைக் கழற்றிக் குழாயைச் சுருட்டி வைத்து, வாசல் தெளித்து 15 புள்ளிக் கோலம் போட்டேன், உட்கார்ந்து எழுந்ததில் மூச்சு வாங்கவில்லை. உள்ளே வந்தால் அம்மா குங்குமச் சிமிழைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மொதல்ல இதப் போடு, அப்புறம் காபி." பிளாஸ்டர் பொட்டை அவளே நகத்தால் உரித்தெடுத்தாள்.

கீறல் விழுந்த சிறிய கூம்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன். நடுத்தரத்தில் இன்னொரு ஜோடி ஆர்டர் போட வேண்டும்.