094இலிருந்து 594க்கு

இலங்கையில் எங்கள் அடையாள அட்டை எண்ணுக்குள்ளேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்று காட்டும்; எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். திருநங்கையான நான் பிறந்தது 1994 ஏப்ரல் 3. பழைய அட்டை 94094 என்று தொடங்கியது. சுடிதார் போட்டுக்கொண்டு சோதனைச்சாவடியில் அதை நீட்டினால், பெயரை வாசிக்கவே தேவையில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவில் ஆள்மாறாட்டம் என்று திருநங்கைகளைப் பிடித்த கதைகள் எங்களுக்குத் தெரியும். அட்டையை எடுக்கும்போதே கை நடுங்கும்.

வழி திறந்தது 2016இல். சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி மனநல வைத்தியர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் தருவார். அதை வைத்துப் பிறப்புப் பதிவைத் திருத்தி, அப்புறம் அட்டைக்குப் போக வேண்டும். திருகோணமலையிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்பு கிளினிக்குக்குப் பல மாதங்கள் அலைந்தேன். வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் கட்டம் எனக்குப் பெரிய பாரமாக இருக்கவில்லை.

பாரம் அலுவலகங்களில்தான். ஓர் இடத்தில் வரிசை நிறைந்திருக்கும்போது என் பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. என்னால் எழும்ப முடியவில்லை. அம்மா எழும்பினார். சுனாமியில் நனைந்து ஓரம் பழுப்பேறிய என் பிறப்புச் சான்றிதழ் பொலித்தீன் பையோடு அவர் கையில். "இது என்ர மகள் தம்பி. என்ன வேணும், என்னட்டச் சொல்லுங்கோ" என்றார். அந்தப் பெடியன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

போகிறவர்களுக்கு ஒன்று: சான்றிதழின் மூலப் பிரதியை யாரிடமும் விட்டு வராதீர்கள். புதிய பெயரின் சிங்கள எழுத்தை, தெரிந்த ஒருவரிடம் முதலே காட்டிச் சரிபாருங்கள்.

புதிய அட்டையில் 1994க்குப் பிறகு 594 இருந்தது. உப்புவெளி வரும்வரை பஸ்ஸில் அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் காதலர்களான என் தோழிகள் இருவரின் உடலுறவு சட்டப்படி இன்னும் குற்றம்தான். ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் 365அ பிரிவை 1995இல் திருத்தியபோது, நீக்குவதற்குப் பதில் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். 2023 மே மாதம், அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லியும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. எனக்குக் கிடைத்த அட்டை அவர்களைக் காப்பாற்றாது. அதனால்தான் உரிமைக் கூட்டங்களுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு பிள்ளை நேற்றுக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை இரவு பஸ்ஸுக்கு இரண்டு சீட் போட்டிருக்கிறேன்.